சின்சே கேட்ட முதல் கேள்வி



மழைக்காலம் வந்துவிட்டால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வகைச் செய்திகள்தாம் ஓடும். யார் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது ஒன்று. சளிக்கு எந்தச் சீன மருந்து நல்லது என்பது இன்னொன்று. போன வாரம் ஒரு நீண்ட செய்தி சுற்றி வந்தது. ஐந்தே பொருள்கள், 1800 ஆண்டுகள் பழைமையான சீனக் கஷாயம், எந்தச் சளிக்கும் ஒரே நாளில் குணம், எல்லா வயதினரும் குடிக்கலாம் என்று அதில் இருந்தது. என் தங்கை மகள் அதை எனக்கு அனுப்பி, "பெரியம்மா, இது உண்மையா? பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தாள். பழைய மாணவர்கள் மூன்று பேரும் அதையே கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதினால் விரல் வலிக்கிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த பொறுமையோடு படியுங்கள்.

நான் மருத்துவர் அல்ல. என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா ஒன்றுதான். ஆனால் எண்பதுகளில் கோப்பெங் பக்கம் வேலை கிடைத்தபோது, ஒரு சீன மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த மருந்துகளைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைத்த புத்தகங்களைத் தேடிப் படித்து வருகிறேன். அந்த அளவில்தான் பேசுகிறேன்.

முதலில், அந்தச் செய்தியில் உண்மையான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கஷாயம் உண்மையிலேயே பழையதுதான். சீனத்தில் ஹான் பேரரசு நொறுங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஏறக்குறைய கி.பி. 200 வாக்கில், நான்யாங் பகுதியைச் சேர்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் 'ஷாங் ஹான் லுன்' என்ற நூலை எழுதினார். குளிரால் உடம்புக்கு வரும் கேட்டைப் பற்றிய நூல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஏன் எழுதினேன் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். அவருடைய குலத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்றில் இரண்டு பங்கு இறந்துவிட்டார்கள். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தக் குளிர்க் காய்ச்சலால் போனவர்கள். ஐந்தாம் ஆண்டில் நாம் போட்ட பின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருநூறு என்றே வைத்துக்கொண்டாலும் 133 சாவு, அதில் 93 காய்ச்சலால். சொந்தக்காரர்களை இப்படிக் கொத்துக் கொத்தாக இழந்த ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய நூல் அது. "ஒரே நாளில் குணம்" என்ற தொனி அதில் எங்கும் இல்லை.

அந்த நூலில் முதலில் வரும் மருந்துதான் நமக்கு வந்த செய்தியில் இருந்த ஐந்து பொருள் கஷாயம். சீனத்தில் 'குவெய் ஜி தாங்' என்பார்கள். பட்டை மரத்தின் இளங்குச்சி மூன்று பங்கு, பியோனிச் செடியின் வேர் மூன்று பங்கு, அதிமதுரம் இரண்டு பங்கு, பச்சை இஞ்சி மூன்று பங்கு, சீன இலந்தைப்பழம் பன்னிரண்டு. நம் வீட்டில் 'ரெட் டேட்ஸ்' என்று சொல்லி சூப்பில் போடுகிறோமே, அந்தச் சிவப்புப் பழம்தான். பியோனி வேர் ஒன்றை விட்டால் மற்ற நான்கும் நமக்குத் தெரிந்த முகங்கள். அதனால்தான் அந்தச் செய்தி நம் ஆட்களிடம் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று நினைக்கிறேன். சுக்குக் கஷாயம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

செய்தியை எழுதியவர் விட்டுவிட்ட பகுதிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஏழு 'ஷெங்' நீரை மெல்லிய தீயில் மூன்று 'ஷெங்' ஆகும்வரை காய்ச்ச வேண்டும். ஹான் காலத்து ஒரு ஷெங், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர். ஆக, ஏறக்குறைய 1400 மில்லிலிட்டரை 600 ஆக வற்றவைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் குடிக்க வேண்டும். குடித்த சிறிது நேரத்தில் சூடான, நீர்த்த அரிசிக் கஞ்சி குடிக்க வேண்டும். பிறகு போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். உடம்பு முழுக்க இலேசாக ஈரம் கசிவதுபோல் வியர்க்க வேண்டும், தண்ணீராய் ஓடக்கூடாது. ஓடினால் நோய் போகாது என்கிறார். முதல் பங்கிலேயே வியர்த்துக் குணமாகிவிட்டால் மீதியைக் குடிக்காதே, நிறுத்து என்கிறார். பச்சையான உணவு, குளிர்ந்தது, வழவழப்பானது, இறைச்சி, மது எல்லாவற்றுக்கும் தடை.

கஞ்சிதான் இங்கே பாதி மருந்து. இடையில் ஒரு சின்னச் செய்தி: ஆங்கிலேயர்கள் சீனர்களின் அரிசிக் கஞ்சியைக் 'காஞ்சி' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல் நம் 'கஞ்சி'தான். போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சீன ஓட்டலில் ஆங்கில உணவுப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை வரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கஷாயம் யாருக்கு? காய்ச்சல் இருக்க வேண்டும், காற்றுப் பட்டால் உடம்பு கூச வேண்டும், அதோடு ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குத்தான். காய்ச்சல் அடிக்கிறது, நாடி இறுக்கமாக இருக்கிறது, வியர்வையே இல்லை என்றால் இதைக் கொடுக்கவே கூடாது, இதில் தவறு நேர்ந்துவிடக் கூடாது என்று ஜாங் ஜோங்ஜிங் அழுத்தி எழுதுகிறார். மதுப் பழக்கம் உள்ளவருக்கும் கொடுக்காதே, அவருக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பார் என்று இன்னொரு வரி. (நம் குடும்பத்தில் சிலர் இதைக் கவனிக்கவும். பெயர் சொல்ல மாட்டேன்.)

வியர்க்காதவருக்கு வேறு மருந்து. குளிர் நடுக்கம், உடம்பு முழுக்க வலி, மூச்சிரைப்பு, ஒரு சொட்டு வியர்வை இல்லை என்றால் 'மா ஹுவாங் தாங்'. மா ஹுவாங் என்பது எபெட்ரா என்ற செடி. அதோடு பட்டைக் குச்சி, அதிமதுரம், எழுபது பாதாமி விதைகள். முதல் கஷாயத்தோடு ஒப்பிட்டால் இது முரட்டு மருந்து. இதைக் குடித்தவருக்குக் கஞ்சி தேவையில்லை என்றே நூல் சொல்கிறது. வியர்வையை வரவழைக்க அந்தச் செடியே போதும்.

இந்த முரட்டுத்தனம் வெறும் நம்பிக்கையும் இல்லை. 1885-இல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர் இந்தச் செடியிலிருந்து எபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1920-களில் பெய்ஜிங்கில் ஆய்வு செய்தவர்கள் அதன் வேலையை உலகுக்குச் சொன்ன பிறகு, ஆஸ்துமாவுக்கு அது ஆங்கில மருந்தாகவே ஆனது. மூக்கடைப்புக்கு நாம் விழுங்கும் சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் அதன் கூடப்பிறந்த பிறப்புதான். அதே செடியை உடல் இளைக்கவும் சுறுசுறுப்புக்கும் என்று மாத்திரையாக்கி அமெரிக்காவில் விற்றார்கள். இரத்த அழுத்தம் ஏறி, மாரடைப்பு, பக்கவாதம் என்று செய்திகள் வர, 2004-இல் அங்கே எபெட்ரா கலந்த துணை உணவுகளைத் தடை செய்தார்கள். இரண்டு நாள் காய்ச்சலுக்கு, ஆளைப் பார்த்துக் கொடுத்த மருந்தை மாதக்கணக்கில் எல்லாருக்கும் விற்றால் வேறென்ன நடக்கும்?

நான் குடியிருந்த வீட்டுக்கு முன்னால் கடை வைத்திருந்த சின்சே இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் காண்டனீஸ் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது பசார் மலாய்தான். கோப்பெங் ஈய லம்பங்களின் ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். லம்பத்தில் வேலை செய்ய வந்த சீனத் தொழிலாளிகளுக்காக 1879-இல் இயூ கோங் என்பவர் அங்கே திறந்த மருந்துக் கடைதான் பின்னாளில் 'இயூ யான் சாங்' என்று பெரிய நிறுவனமானது. அந்த ஊரில் சின்ன சின்சேக்களும் இருந்தார்கள். என் வீட்டு முன்னால் இருந்தவர் அப்படி ஒருவர். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒரு தூக்குத் தராசு, மணிச்சட்டம். எந்த இழுப்பறையிலும் பெயர்ச் சீட்டு இல்லை. எது எங்கே என்று அவருடைய கைக்குத் தெரியும்.

சளி என்று யார் வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அடா பெலு?" வியர்க்கிறதா? அடுத்தது, "தெக்காக் சகிட்?" தொண்டை வலியா? பிறகு நாக்கை நீட்டச் சொல்வார். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் இழுப்பறை திறக்கும். ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் சளியோடு வந்து, இரண்டு வெவ்வேறு பொட்டலங்களோடு போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு விநோதமாக இருந்தது. புத்தகத்தைப் படித்த பிறகுதான், அவர் கேட்டது ஜாங் ஜோங்ஜிங் கேட்கச் சொன்ன கேள்வி என்று புரிந்தது.

இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. குளிரால் வரும் காய்ச்சலுக்குச் சொன்ன சூடான மருந்துகளையே எல்லாக் காய்ச்சலுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் சிலருக்கு நோய் முற்றுகிறது என்று பின்னால் வந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்களில் ஒருவர் வூ ஜுதோங். பத்தொன்பது வயதில் தந்தையை நோய்க்குப் பறிகொடுத்தவர். சில ஆண்டுகள் கழித்து அவருடைய சகோதரர் மகன் காய்ச்சலில் விழுந்தான். தொண்டை அடைப்பில் தொடங்கியது. வந்த வைத்தியர்கள் எல்லாம் தெரிந்த பழைய மருந்துகளையே கொடுக்க, கடைசியில் மஞ்சள் காமாலை கண்டு பிள்ளை இறந்துபோனான். வூ ஜுதோங் 1798 வாக்கில் எழுதிய நூலில் இருப்பதுதான் 'இன் சியாவ் சான்'. காய்ச்சலோடு தொண்டை எரிச்சலும் தாகமும் இருப்பவருக்கான மருந்து. இன்று மலேசியாவில் எந்தச் சீன மருந்துக் கடையிலும் இந்தப் பெயரில் மாத்திரை கிடைக்கும்.

அதில் முதன்மையானது ஹனிசக்கிள் பூ. சீனத்தில் 'பொன் வெள்ளிப் பூ' என்று பெயர். வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக மாறுவதால் ஒரே கொடியில் இரண்டு நிறமும் இருக்கும். கூடவே ஃபோர்சித்தியா காய், புதினா, புளிக்கவைத்த சோயா மொச்சை, மூங்கில் இலை, அதிமதுரம் இன்னும் சில. இதை நெடுநேரம் காய்ச்சக் கூடாது. வாசனை நன்றாகக் கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். வாசனை போனால் மருந்து போச்சு. பட்டைக் குச்சிக் கஷாயத்தைப் பாதிக்குக் கீழே வற்றவை என்கிறது ஒரு நூல், பூக் கஷாயத்தை வற்றவிடாதே என்கிறது இன்னொன்று. காய்ச்சும் முறையும் மருந்தின் ஒரு பகுதி. மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடித்து 2015-இல் நோபல் பரிசு பெற்ற தூ யோயோவுக்கு வழி காட்டியதும் இப்படி ஒரு குறிப்புதான். நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்று, அந்த இலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்றது. காய்ச்சச் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகு அவர் சூடு குறைவான முறையில் சாரத்தை எடுத்துப் பார்த்தார். பலன் கிடைத்தது.

சரி, இதெல்லாம் சளியைக் குணப்படுத்துகிறதா என்று கேட்பீர்கள். சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும். ஐந்தாம் நாள் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான் கிடைக்கும். சீனத்தில் நிறைய சோதனைகள் நடந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பல சோதனைகளின் தரம் உறுதியாக எதையும் சொல்லும் அளவுக்கு இல்லை என்கிறார்கள். சூடான கஞ்சி, போர்வை, ஓய்வு மூன்றும் யாருக்கும் கெடுதல் செய்யாது என்பது என் கருத்து.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், கேள்வி கேட்கும் ஆள் இல்லாமல் பொட்டலம் மட்டும் கைக்கு வரும்போது. இரண்டு மாதத்துக்கு முன் என் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடுதான். என்னைவிட மூன்று வயது மூத்தவர், மெலிந்த உடம்பு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். காய்ச்சலுக்கு பனடோல் இரண்டு இரண்டாக ஒரு நாளைக்கு நான்கு வேளை போட்டிருக்கிறார். யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்த இன் சியாவ் மாத்திரையையும், "இது வெறும் மூலிகைதானே" என்று இரண்டு இரண்டாக மூன்று வேளை சேர்த்துப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் ஒரே தூக்கக் கலக்கம், சாப்பாடு இறங்கவில்லை. மகன் பயந்துபோய், "அத்தை, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டான்.

பெட்டியில் எல்லாம் சீன எழுத்து. பக்கத்து வீட்டுச் சீனப் பெண் மருந்தாளர். அவளைக் கூப்பிட்டுக் காட்டினோம். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஆறு எழுத்துகளை விரலால் தொட்டு, "ஆன்ட்டி, இது பாராசிட்டமால்" என்றாள். அடுத்த வரியில் குளோர்ஃபெனிரமின், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து. சீனத்தில் 'வைட்டமின் சி இன் சியாவ்' என்று ஒரு வகை மாத்திரை உண்டு, அதில் மூலிகையோடு இந்த ஆங்கில மருந்துகளும் கலந்தே இருக்கும் என்று விளக்கினாள். சீனத்தில் அது முறையாக அனுமதி பெற்ற கலவைதான், ஒளித்து வைத்ததில்லை. பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. நமக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். பனடோல் ஒன்று 500 மில்லிகிராம். இரண்டு வீதம் நான்கு வேளை என்றால் 4000. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே அதுதான், அதுவும் நல்ல உடல்வாகு உள்ளவருக்கு. சீன மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 100 மில்லிகிராம், ஆறு மாத்திரைக்கு 600. மொத்தம் 4600. மூன்று நாள். இந்த அளவு தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. நல்ல வேளையாக அன்றே கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்ததில் பெரிய பாதிப்பு இல்லை. இப்போது நலமாக இருக்கிறார், இந்தப் பதிவுக்கு முதல் விருப்பமும் அவரே போடுவார்.

மூலிகை மட்டுமே இருந்தாலும் நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே சொன்ன மூன்று மருந்திலும் அதிமதுரம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும். இரண்டு நாள் கஷாயத்தில் ஒன்றும் ஆகாது. "உடம்புக்கு நல்லது" என்று மாதக்கணக்கில் குடித்தால் ஆகும். ஜப்பானில் சீனக் கஷாயங்களைத் தூளாக்கி, மருத்துவர் சீட்டோடு, அரசு காப்பீட்டிலேயே கொடுக்கிறார்கள். அவ்வளவு ஒழுங்காக நடக்கும் இடத்திலேயே, சளிக்கும் பயன்பட்டு வந்த ஒரு பழைய கஷாயத்தைக் கல்லீரல் நோயாளிகளுக்குப் பரவலாகக் கொடுத்ததில் நுரையீரல் அழற்சி வந்து பத்துப் பேர் இறந்ததாக 1996-இல் அரசே எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

நம் பக்கமும் இதே கதைதான். நிலவேம்பு உங்களுக்குத் தெரியும். மலாய்க்காரர்கள் 'ஹெம்பெடு பூமி' என்பார்கள். சீனக் கடையில் அதே செடி 'சுவான் சின் லியன்' என்ற பெயரில், தொண்டை வலிக்கு மாத்திரையாக இருக்கும். தமிழர் கடையில் நிலவேம்புக் குடிநீர்ப் பொடி, சீனர் கடையில் மாத்திரை, மலாய்க்காரர் கடையில் குப்பி என்று மூன்றையும் வாங்கி வந்து ஒரே நாளில் சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று வகை மருந்து சாப்பிட்டதாக அவர் நினைப்பு.

இப்போது தங்கை மகளுக்குப் பதில். வேண்டாம், கண்ணு. உன் பிள்ளைக்கு நான்கு வயது. கஞ்சி கொடு, வெதுவெதுப்பான நீர் கொடு, படுக்கவை. காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, சோர்ந்து கிடக்கிறான் என்றால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போ. எனக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காதே.

பெரியவர்கள் சீன மருந்து சாப்பிட விரும்பினால் நான் தடுக்கவில்லை. இந்த நாட்டில் பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்ய 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற சின்சேயிடம் போங்கள். நீங்கள் சாப்பிடும் ஆங்கில மாத்திரைகளின் பட்டியலைக் கையில் கொண்டு போங்கள். வியர்க்கிறதா, தொண்டை வலிக்கிறதா என்று கேட்காமலே பொட்டலத்தை நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். கடையில் பெட்டி வாங்கினால் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும் பதிவு எண்ணும், மின்னும் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 'டி' பாரம்பரிய மருந்துக்கான அடையாளம்.

மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்யும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், டீச்சர் என்று தயங்க வேண்டாம். வீட்டில் படிக்கத் தெரியாத பெட்டி இருப்பவர்கள் பக்கவாட்டைப் படமெடுத்துப் போடுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன். படம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். உங்களில் சிலரின் கையெழுத்தைப் படித்துப் படித்தே என் கண் பாதி போய்விட்டது.